ஒளிபரப்பில் மாற்றுவழி

மாத்தளை மாவட்டத்திலே, குன்றும் வயலும் மாறிமாறி வரும் பல்லேபொலப் பிரதேசத்தில் ஓர் இல்லத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மழைக்கால இரவு. முற்றத்து மரத்திற் படர்ந்த மிளகுக் கொடி காற்றில் அலைகிறது. வீட்டார் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கின்றனர். மலைச்சரிவுகளில் வாழ்வோர்க்கு மண்சரிவு எச்சரிக்கை ஒன்று வந்துள்ளதென்று செய்தி வாசிப்பவர் சொல்லத் தொடங்குகிறார். எந்தப் பிரதேசம், எந்த ஊர் என்று அவர் பெயர் சொல்லப் புகும் வேளையில் திரை கறுத்துவிடுகிறது. மின்சாரம் இருக்கிறது, பெட்டியும் பழுதுபடவில்லை. கொழும்பிலுள்ள கலையகத்துக்கும் பல்லேபொலவிலுள்ள இந்த வீட்டுக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் ஏதோ ஒன்று அறுந்துவிட்டது.

இது கற்பனைக் காட்சியே. ஆயினும், இத்தகைய இருள் நேராமற் காப்பதற்காகப் பொறியியலாளர்கள் செய்யும் ஏற்பாடு கற்பனையன்று. ஒரு வழி அடைபட்டால் மறுவழியாற் படத்தைக் கொண்டுசெல்வது எப்படி, அந்த மறுவழியை முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். எளிய காரியம்போலத் தோன்றும் இது, ஆராய்ந்து பார்க்கும்போது நம்முடைய பொது வாழ்வுக்கும் பயன்படக்கூடிய ஒரு பாடத்தைத் தருகிறது.

முதலில், படம் வரும் பாதையைப் பார்ப்போம். இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையுடன் தொடங்கிற்று. பின்னர், 1982 பெப்ரவரி 15ஆம் நாள், யப்பான் அரசின் உதவியோடு அமைந்த ரூபவாஹினி தன் ஒளிபரப்பை ஆரம்பித்தது. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிலே செல்பவை; குன்றைச் சுற்றி வளைந்து மறுபுறம் இறங்கும் இயல்பு அவற்றுக்கு மிகக் குறைவு. ஆகவேதான், கலையகம் கொழும்பில் இருந்தபோதிலும், படத்தைப் பரப்பும் கருவி நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதாலகால மலையில் வைக்கப்பட்டது. அச்சிகரத்தின் உயரம் 2,524 மீற்றர். அங்கிருந்து பார்வைக்கு எட்டாத இடங்களுக்குப் படத்தை வாங்கி மீண்டும் பரப்பும் அஞ்சல் நிலையங்கள் வேறு உயரங்களில் அமைந்தன. மாத்தளை, கண்டி மாவட்டங்களின் குன்றுகளிலும் ஒலிபரப்பு, ஒளிபரப்பு நிலையங்கள் இன்று உள்ளன.

இனி, அந்தப் பாதையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவோம். ஒளிப்படக் கருவி ஒன்று. அதிலிருந்து வரும் வடம் இரண்டாவது. படங்களைத் தெரிந்தெடுத்து அனுப்பும் வழிமாற்றி மூன்றாவது. ஒலியையும் எழுத்தையும் படத்தோடு சேர்க்கும் கருவி நான்காவது. கலையகத்தை விட்டு வெளியே அனுப்பும் கருவி ஐந்தாவது. மலைக்குச் செல்லும் நுண்ணலையோ ஒளியிழையோ ஆறாவது. மலையில் அதைப் பெறும் கருவி ஏழாவது. பரப்புகருவி எட்டாவது. கோபுரமும் அதன் அன்டெனாவும் ஒன்பதாவது. இவை அனைத்துக்கும் உயிரூட்டும் மின்சாரம் பத்தாவது. இந்தப் பத்தில் ஒன்று அறுந்தாலும் சங்கிலி முழுவதும் அறுந்ததாகவே முடியும்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு கண்ணியும் நூறு மணி நேரத்தில் 99 மணி நேரம் ஒழுங்காக வேலை செய்கிறதென்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல ஒழுங்கென்றே தோன்றும். ஆனால், பத்துக் கண்ணிகளும் ஒரே வேளையில் ஒழுங்காயிருந்தால் மாத்திரமே வீட்டில் படம் தெரியும். 99 சதவீதத்தைப் பத்துமுறை பெருக்கினால் கிடைப்பது ஏறக்குறைய 90.4 சதவீதம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஏறக்குறைய 838 மணி நேரம், அதாவது ஐந்து வாரம், திரை இருண்டிருக்கும். இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட கணக்கேயன்றி எந்த நிலையத்தின் கணக்குமன்று. உண்மைக் கருவிகள் இதைவிட மிக நம்பகமானவை. எனினும், கணக்கு உணர்த்தும் நியாயம் மாறாது: கண்ணிகள் பெருகப் பெருகச் சங்கிலி பலவீனமாகும்.

இதற்குப் பரிகாரம் யாது? இதேபோன்ற இரண்டாவது சங்கிலி ஒன்றை அமைக்கலாம். முதலாவது அறுந்தால் இரண்டாவதுக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வேளையில் அறுந்திருந்தால் மாத்திரமே இருள். கணக்குப் பார்த்தால், ஆண்டுக்கு 838 மணி நேரமாயிருந்த இருள் ஏறத்தாழ 80 மணி நேரமாகக் குறைகிறது. பெரிய ஆதாயமே. ஆயினும், இதனினும் சிறந்த உபாயம் ஒன்று உண்டு.

முதற் சங்கிலியில் மூன்றாவது கண்ணியும் இரண்டாவது சங்கிலியில் ஏழாவது கண்ணியும் பழுதுபட்டன என்று கொள்ளுங்கள். இரண்டு சங்கிலிகளும் தனித்தனியே ஓடுமானால் இரண்டும் பயனற்றுப் போகும். ஆனால், ஒவ்வொரு கண்ணியை அடுத்தும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் கடந்து செல்லக் குறுக்குவழி இருக்குமானால், முதற் சங்கிலியின் மூன்றாவது கண்ணியை விட்டு இரண்டாவதன் மூன்றாவது கண்ணியாற் சென்று, பின் முதலாவதன் ஏழாவது கண்ணிக்குத் திரும்பி, படம் தடையின்றிச் சேர்ந்துவிடும். இவ்வாறு ஒவ்வொரு கண்ணியிலும் கடக்க வழிவைத்தால், அதே கருவிகளைக் கொண்டே, ஆண்டின் இருள் 80 மணியிலிருந்து ஏறத்தாழ 9 மணி நேரமாகச் சுருங்கிவிடும். கடக்கும் ஆளிகள் பழுதுபடாதவை என்று கொண்டாலே இந்த எண் பொருந்தும் என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும். இரண்டு தெருக்களுக்கிடையே ஆங்காங்கே ஒழுங்கைகள் இருப்பதன் பயனும் இதுவே. ஒரு தெருவில் மரம் விழுந்தால், முன்னுள்ள ஒழுங்கையால் மறு தெருவுக்குப் போய், அடுத்த ஒழுங்கையால் திரும்பிவிடலாமன்றோ?

அத்தகைய குறுக்குவழிகளை அமைத்துக் கொடுப்பதே வழிமாற்றியின் தொழில். ரௌட்டர் என்று பொறியியலாளர் வழங்குவது இதனையே. பழைய தொலைபேசி நிலையங்களில், பணியாளர் ஒருவர் முன்னுள்ள பலகையில் வடத்தைச் செருகி, எந்த அழைப்பையும் எந்த வீட்டுக்கும் இணைத்ததை முதியோர் பலர் கண்டிருப்பர். வழிமாற்றி செய்வதும் அதுதான். பதினாறு படங்கள் உள்ளே வந்து பதினாறு இடங்களுக்கு வெளியே போகவேண்டுமானால், ஒவ்வொரு வரவும் ஒவ்வொரு செலவோடும் சந்திப்பதற்கு 16 பெருக்கல் 16, அதாவது 256 சந்திகள் வேண்டும். முப்பத்திரண்டாக உயர்த்தினால் 1,024 சந்திகள், எழுபத்திரண்டானால் 5,184. அளவை இருமடங்காக்கினால் சந்திகள் நான்கு மடங்காகும். ஆகவே, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கலாமென்று ஆசைப்படுவோர் தம் பணப்பையையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

சந்தியில் மாறுவது எப்போது என்பதும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் தொலைக்காட்சி விநாடிக்கு 25 முழுப் படங்களைக் காட்டும் முறையைப் பின்பற்றி வந்தது. ஒரு படம் முடிந்து மறுபடம் தொடங்கும் மிகச் சிறிய இடைவெளியில் மாறினால், பார்ப்போர் மாற்றத்தை உணரமாட்டார். இதற்கு எல்லாக் கருவிகளும் ஒரே தாளத்தில் நடக்கவேண்டும். தாளத்தை எல்லாவற்றுக்கும் வழங்குவது காலத்துடிப்புக் கருவி. கச்சேரியில் மிருதங்கக்காரர் தடுமாறினால் வித்துவான் எவ்வளவு தேர்ந்தவராயினும் பாட்டுக் குலையும். அதுபோல, துடிப்புக் கருவி நின்றால் இரண்டு சங்கிலிகளும் ஒருங்கே குலையும். எனவே அக்கருவியும் இரண்டாகவே வைக்கப்படுகிறது. ஒன்று நின்றால் மற்றது தானே தாளத்தைத் தொடரும்.

இங்கே ஓர் ஐயம் எழும். குறுக்குவழிகளையெல்லாம் தரும் வழிமாற்றியே பழுதானால் என் செய்வது? எல்லாத் தெருக்களும் கூடும் நாற்சந்தியிலே பள்ளம் விழுந்ததுபோல ஆகுமே! கேள்வி சரியானதே. திட்டமிடுவோரின் உண்மையான திறமை இவ்விடத்திற்றான் வெளிப்படுகிறது.

முதலாவது விதி: இணையான மூலங்களை ஒரே பலகையில் வைக்கலாகாது. பெரிய வழிமாற்றியின் உள்ளே எட்டு அல்லது பதினாறு வரவுகளைத் தாங்கும் மின்னணுப் பலகைகள் பல இருக்கும். செய்திக் கலையகத்தின் ஒளிப்படக் கருவிகள் நான்கையும் வரிசையாக ஒரே பலகையிற் செருகுவது பார்வைக்கு அழகு. ஆனால் அப்பலகை இறந்தால் நான்கும் மறையும். ஒன்றையும் மூன்றையும் ஒரு பலகையிலும், இரண்டையும் நான்கையும் வேறொரு பலகையிலும் செருகினால், எது நேர்ந்தாலும் இரண்டு கருவிகள் எஞ்சும், செய்தி தொடரும்.

இரண்டாவது விதி: மின்சாரத்தையும் பிரிக்கவேண்டும். வழிமாற்றியில் மின்வழங்கிகள் இரண்டு இருக்கும். இரண்டையும் அருகிலுள்ள ஒரே செருகியில் இணைத்துவிட்டால் இரண்டு இருந்தும் ஒன்றே. ஒன்று நகரின் மின்சாரத்திலும் மின்கலத் தொகுதியிலும், மற்றது வேறொரு மின்கலத் தொகுதியிலும் மின்பிறப்பாக்கியிலும் தங்கியிருக்கவேண்டும்.

மூன்றாவது விதி: கடைசி ஆளி எளிமையாயிருக்க வேண்டும். கலையகத்தை விட்டுப் படம் வெளியேறும் வாயிலில், முதல்வழி, மறுவழி என்னும் இரண்டில் ஒன்றைத் தெரியும் சிறிய ஆளி ஒன்று இருக்கும். அதற்குப் பின்னர் மாற்று இல்லை. ஆகவே, மின்சாரம் முற்றாக நின்றாலும், தன் உள்ளேயுள்ள வில்லின் விசையாலேயே முதல்வழியோடு சேர்ந்து நிற்கும் தொடுகை கொண்டதாக அது இருத்தல் நலம். நுட்பம் மிகுந்த பெரிய கருவியை நாம் வேண்டும்போது சுற்றிக்கொண்டு போகும்படி, கையால் வடத்தைச் செருகி நேரே இணைக்கும் பலகையொன்றும் பக்கத்தில் இருத்தல் வேண்டும்.

இம்மூன்று விதிகளுக்கும் அடியில் உள்ள கருத்து ஒன்றே. இரண்டு வழிகள் இருக்கின்றன என்பதனால் மட்டும் காப்பு உண்டாவதில்லை. அவை ஒரே காரணத்தால் ஒருங்கே விழாதிருந்தாலே காப்பு உண்டு. பல்லேபொலவிலிருந்து ஒருவர் நகருக்குச் செல்ல இரண்டு வீதிகள் இருந்து, இரண்டும் ஒரே பாலத்தைக் கடப்பனவாயின், வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோகும் நாளில் அவருக்கு ஒரு வீதியும் இல்லை. நாம் முன்பு போட்ட கணக்கு முழுவதும், இரண்டு வழிகளும் ஒன்றையொன்று சாராதவை என்னும் அத்திவாரத்தின்மீதே நின்றது. அத்திவாரம் பொய்த்தால் கணக்கும் பொய்த்துவிடும்.

உலகில் நிகழ்ந்தவை சிலவற்றை இதற்குச் சான்றாகச் சொல்லலாம். 2001 செப்டெம்பர் 11ஆம் நாளுக்கு முன்னர், நியூயோர்க் நகரின் பெரும்பாலான தொலைக்காட்சி நிலையங்கள் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுர உச்சியிலிருந்தே ஒளிபரப்பின. கோபுரம் விழுந்தபோது அவற்றின் வான்வழி ஒளிபரப்பும் அதனோடு வீழ்ந்தது. அங்கே பணியிலிருந்த ஒளிபரப்புப் பொறியியலாளர் அறுவர் உயிரிழந்தனர். டபிள்யூ.சி.பி.எஸ். என்னும் நிலையமோ எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் மாற்றுப் பரப்புகருவி ஒன்றை வைத்திருந்தது. நகரம் கலங்கிய அந்நாளில் அதன் படம் வான்வழியே தொடர்ந்து கிடைத்தது. அதன் மாற்றுக் கருவி வேறொரு கட்டிடத்தில் நின்றதே அதற்குக் காரணம்.

2011 ஜூலை 15ஆம் நாள் நெதர்லாந்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. ஒரே நாளில் இரண்டு ஒளிபரப்புக் கோபுரங்களில் தீப்பற்றியது. ஸ்மில்டே என்னுமிடத்திலிருந்த கோபுரத்தின் உயர்ந்த கம்பம் எரிந்து முறிந்து வீழ்ந்தது. இரண்டு வேறு ஊர்களில், ஒரே நாளில்! இவ்வாறு நேருமென்று யாரும் எண்ணார். மாற்றுவழி திட்டமிடுவோர் எண்ணத்தான் வேண்டும்.

2021 செப்டெம்பர் 25ஆம் நாள் இலண்டனில் நடந்ததைக் கேளுங்கள். பல அலைவரிசைகளின் நிகழ்ச்சிகளை அனுப்பும் ஒரு நிலையத்தில், தீயணைக்கும் வாயுத் தொகுதி திடீரென இயங்கிற்று. வாயு பாய்ந்த வேகத்தில் எழுந்த ஒலியதிர்வினால், நிகழ்ச்சிகளைத் தாங்கியிருந்த கணினித் தட்டுகள் பழுதாயின. சேனல் 4 முதலிய அலைவரிசைகள் தடைப்பட்டன. நிகழ்ச்சிகள் திரும்பிய பின்னரும், செவிப்புலன் குறைந்தோர் நம்பியிருந்த வசன எழுத்துகள் வாரக்கணக்காகச் சேனல் 4இல் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அவற்றுக்கென இருந்த மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. காப்பதற்கென வைத்த தீயணைப்பே கேட்டுக்குக் காரணமாயிற்று என்பது ஒரு பாடம். பொதுமக்களிற் பெரும்பாலோர் கவனியாத சிறு பணி ஒன்றே மிக நீண்டகாலம் இருளில் கிடந்தது என்பது மற்றொரு பாடம்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். கண்டியிலிருந்து மாத்தளை வழியாக வடக்கே செல்லும் ஏ9 பெருவீதியில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவில் என்னும் இடம் உண்டு. வடபகுதிக்குப் படத்தை வழங்கிய ரூபவாஹினி அஞ்சல் நிலையம் அங்கேயிருந்தது. 1990 ஜூலையில் போரிடையே அந்நிலையம் அழிந்தது. புதிய கோபுரம் திறக்கப்பட்டது 2011 ஜூனில். இடையே 21 ஆண்டுகள். போரின் துயரங்கள் பலவற்றோடு ஒப்பிட இது சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், ஒரு கோபுரத்தையே நம்பியிருந்த நிலப்பரப்பு அக்கோபுரம் போனபின் எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு நாள். 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியிற் பட்டதனால் நாடெங்கும் மின்சாரம் நின்றதென அமைச்சர் அறிவித்தார். குரங்கின் கதையைக் கேட்டுச் சிரித்தவர் பலர். ஆனால், ஓரிடத்தில் நேர்ந்த பழுது தீவு முழுவதையும் இருளாக்க முடியுமென்பது சிரித்துவிட்டு மறக்கத்தக்கதன்று. அதற்கு முன், 2020 ஓகஸ்ட் 17ஆம் நாளும் நாடு முழுவதும் மின்சாரமின்றிப் பல மணி நேரம் தவித்தது. ஒளிபரப்பு நிலையம் தன் இரண்டு வழிகளையும் நாட்டு மின்சாரத்தையே நம்பி வைத்திருக்குமானால், அத்தகைய நாட்களில் அதற்கு வழியே இல்லை.

கட்டிடத்தையும் மறக்கலாகாது. 2022 ஜூலை 13ஆம் நாள் கொழும்பில் ஆர்ப்பாட்டக்காரர் ரூபவாஹினி வளவினுள் புகுந்தபோது ஒளிபரப்புச் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. அன்று எந்த வடமும் அறுந்ததாகச் செய்தி இல்லை. மனிதர் தம் ஆசனத்தில் அமர்ந்து பணிபுரிய முடியாத நிலையும் ஒரு பழுதே. ஆகவே, முழுமையான மாற்றுவழி என்பது வேறோர் ஊரில், வேறொரு கட்டிடத்தில், வேறு பணியாளரோடு இருக்கும் சிறு கலையகத்தையும் உள்ளடக்கியதாகும்.

கலையகத்திலிருந்து மலைக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் வழிகளை எடுத்துக்கொண்டால், அங்கும் இதே ஆராய்ச்சி வேண்டும். நுண்ணலை வழியும் செய்மதி வழியும் வெவ்வேறானவை என்று எண்ணுகிறோம். ஆனால், உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குமாயின் கடும் மழை இரண்டையும் நலியச் செய்யும். ஒளியிழைக்கு மழையால் நேரடியாகக் குறைவில்லை. எனினும் வீதியோரம் செல்லும் இழையை மண்சரிவு அறுத்துவிடலாம். எனவே, நுண்ணலையோடு செய்மதியைச் சேர்ப்பதைவிட, நுண்ணலையோடு ஒளியிழையைச் சேர்த்தல் மழை நாட்டுக்குப் பொருத்தம். ஒளியிழைகள் இரண்டு வேண்டுமானால் இரண்டும் வெவ்வேறு வீதிகளாற் செல்லவேண்டும். வாடகைக்குத் தருவோர் இருவராயிருந்தும், இருவருடைய இழையும் ஒரே குழாயினுட் கிடப்பதுண்டு. வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் நம்பிவிடுதல் தகாது.

செய்மதி வழியில் வேறொரு சிக்கலும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதிக்குச் சென்று திரும்பச் சமிக்ஞைக்கு ஏறக்குறையக் கால் விநாடி செல்லும். ஒளியிழையிலோ 200 கிலோமீற்றரை விநாடியின் ஆயிரத்திலொரு பங்கில் கடந்துவிடலாம். ஒன்றிலிருந்து மற்றதற்குத் திடீரென மாறினால் வாசிப்பவரின் சொல் இடையில் அறுந்தோ மீண்டும் ஒலித்தோ கேட்கும். ஆதலால், விரைந்து வரும் சமிக்ஞையைச் சற்றுத் தாமதித்து வைத்து, இரண்டையும் சமமாக்குவர்.

இக்காலத்தில் இதற்கு அழகிய ஒரு முறை வந்துள்ளது. கணினி வலையமைப்பு வழியே படம் செல்லும்போது, அது எண்ணிட்ட சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு நீண்ட கடிதத்தின் பக்கங்களுக்கு எண்ணிட்டு, ஒரு படியைப் புகைவண்டித் தபாலிலும் மறுபடியைப் பேருந்துத் தபாலிலும் அனுப்பினால் எப்படியோ, அப்படி. ஏழாம் பக்கம் புகைவண்டியில் தொலைந்தால் பேருந்தில் வந்த ஏழாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்; பதினொன்றாம் பக்கம் பேருந்தில் தொலைந்தால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாசிப்பவருக்குக் கடிதம் முழுமையாகவே கிடைக்கும். இங்கே ஒரு வழியிலிருந்து மறுவழிக்கு மாறுதல் என்பதே இல்லை. இரண்டு வழியும் எப்போதும் பணிபுரிகின்றன. ஆயினும், இரண்டு தபால்களையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டால் பயனில்லை என்பதை நேயர்கள் இதற்குள் தாமே சொல்லிவிடுவீர்கள்.

வழிகள் பலவாயின், எது நல்லதெனத் தேர்வது யார்? ஆளியைத் தானியக்கமாக்கலாம். ஆனால் கருவி, சமிக்ஞை வருகிறதா என்பதையே முக்கியமாகப் பார்க்கும். கறுத்த படமும் சமிக்ஞையே. அசையாது உறைந்த படமும் சமிக்ஞையே. இவற்றை ஐயுறும் கருவிகளும் உள்ளன. ஆயினும் இருண்ட காட்சியைப் பழுதென்று கொண்டு நல்ல வழியை விட்டு மாறிவிடும் தவறும் அவற்றுக்கு நேரும். ஆகவே, ஒரு மனிதர் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். 1969 ஜூலை 21ஆம் நாள், இலங்கையில் காலை எட்டரை மணிக்கு அண்மையான வேளை, மனிதன் சந்திரனில் முதலடி வைத்தான். அந்தப் படம் கலிபோர்னியாவிலுள்ள கோல்ட்ஸ்ரோன், அவுஸ்திரேலியாவிலுள்ள ஹனிசக்கிள் கிறீக், பார்க்ஸ் ஆகிய நிலையங்களால் பெறப்பட்டது. கோல்ட்ஸ்ரோன் வழியே வந்த படம் முதலில் தலைகீழாயிருந்தது. பின்னரும் தெளிவு குறைந்திருந்தது. பொறுப்பிலிருந்தோர் ஹனிசக்கிள் கிறீக் படத்துக்கு மாறினர்; சில நிமிடங்களின் பின் பார்க்ஸ் நிலையத்தின் படம் இன்னும் தெளிவாயிருக்கக் கண்டு அதற்கு மாறினர். மூன்று வழிகள் இருந்தன. அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட கண்களும் இருந்தன. அதனாலேயே உலகம் அக்காட்சியை நன்றாகக் கண்டது.

மாற்றுவழியைப் பற்றிய கடைசி விதி மிகவும் எளியது. மிகவும் மறக்கப்படுவதும் அதுவே. பயன்படுத்திப் பார்க்காத மாற்றுவழி மாற்றுவழியாகாது. மின்பிறப்பாக்கி மூலையில் இருக்கும், எண்ணெய் இராது. மாற்றுப் பரப்புகருவி இருக்கும். அதற்குச் செல்லும் வடத்தை யாரோ வேறொரு தேவைக்குக் கழற்றியிருப்பர். முதல்வழி கெட்டால் உடனே தெரியும். மறுவழி கெட்டால், அது தேவைப்படும் நாள்வரை யாருக்கும் தெரியாது. ஆகவே, குறித்த நாட்களில் மனமறிந்து முதல்வழியை நிறுத்தி, மறுவழியால் ஒளிபரப்பி, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கவேண்டும். முடிந்தால் ஒரு மாதம் ஒரு வழி, மறுமாதம் மறுவழி என்று இரண்டையும் சமமாக உழைக்கச் செய்வது இன்னும் சிறந்தது.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று கேட்கலாம். எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க எந்த நாட்டாலும் இயலாது. நம்மால் நிச்சயமாக இயலாது. ஆகவே, எது நின்றால் பொழுதுபோக்கு மட்டும் கெடும், எது நின்றால் உயிர் கெடும் என்று முதலிலே பிரித்துக்கொள்ளவேண்டும். பாட்டு நிகழ்ச்சிக்கு ஒரு வழி போதும். வளிமண்டலவியல் திணைக்களமும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமும் விடுக்கும் எச்சரிக்கைகள் செல்லும் வழிக்கு இரண்டும் வேண்டும், மூன்றும் வேண்டும். சிங்களத்தில் செல்லும் எச்சரிக்கை தமிழிலும் அதே வேளையில் செல்ல ஏற்பாடில்லையாயின், கருவிகள் எத்தனை இருந்தும் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தே இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியதை நாம் மறக்கவில்லை. மலைநாட்டு மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டன. பல இடங்களில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தன. ஒன்றுக்கொன்று மாற்றென்று நாம் எண்ணியிருந்தவை ஒரே மழைக்கு ஒருங்கே பணிந்தன.

ஆகவே, பேச்சின் தொடக்கத்திற் கண்ட பல்லேபொல வீட்டுக்கே திரும்புவோம். திரை கறுத்துவிட்டது. பொறியியலாளர்கள் தம் கடமையைச் செய்திருந்தால், அடுத்த விநாடியே படம் மீளும். ஊரின் பெயரும் கேட்கும். ஆயினும், கோபுரத்திலிருந்து கூரைவரை உள்ள கடைசிக் கண்ணி அவர்கள் கையில் இல்லை. அது அவ்வீட்டாரின் கையில் உள்ளது. சிறிய மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றை அலுமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை திருகிப் பார்த்து, மின்கலம் உயிரோடிருக்கிறதா என்று அறிந்துகொள்ளுதல் அவர்களால் ஆகும். தொலைக்காட்சிக்கு அவர்கள் வீட்டிலிருக்கும் மாற்றுவழி அதுவே. கூடவே, அயல்வீட்டாரிடம் செய்தி சொல்ல மழையில் இறங்கிப் போகும் ஒரு மனிதர் இருப்பாரேயானால், மூன்றாவது வழியும் உண்டு. அந்த வழிக்கு மின்சாரமும் வேண்டாம்.